பிஆர் இன்டர்ன்ஷிப்: முதல் நாள் முதல் கடைசி நாள் வரை என்ன கற்றுக்கொள்ளலாம், எப்படி?

மக்கள் தொடர்புத் துறையில் (பிஆர்) பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் பலர், முதல் வாரமே செய்திக்குறிப்பு எழுதுவோம், பத்திரிகையாளர் சந்திப்பில் முன்வரிசையில் நிற்போம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். கையில் கிடைப்பதோ கிளிப்பிங் எடுப்பதும் (வெளியான செய்திகளைத் திரட்டுவது) நிருபர்களின் முகவரிப் பட்டியலைச் சரிபார்ப்பதும்தான். இதை எடுபிடி வேலை என்று ஒதுக்குபவர்கள் மூன்று மாதம் கழித்தும் சுமாராகவே எழுதுகிறார்கள். எந்தச் செய்தி யாருக்கு வேண்டும், ஏன் வேண்டும் என்பது அந்த இரண்டு வேலைகளில்தான் பிடிபடும். அதனால் இந்த வழிகாட்டியிலும் அவற்றுக்கே அதிக இடம்.

சேரும் முன்

பல நிறுவனங்களுக்குப் பிஆர் வேலை செய்துகொடுக்கும் ஏஜென்சியில் சேர்வதா, ஒரு நிறுவனத்தின் சொந்தப் பிஆர் பிரிவில் சேர்வதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏஜென்சியில் ஒரே வாரத்தில் மூன்று நான்கு கிளையண்ட்களின் வேலை வரும். வேகமும் பலவகை எழுத்தும் பழகும், ஆனால் எதிலும் ஆழமாக இறங்க நேரம் இருக்காது. நிறுவனத்தின் உள்ளே இருந்தால் ஒரே துறையை நன்றாகப் புரிந்துகொள்ளலாம், ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்கலாம். தொண்டு நிறுவனங்களில் ஆள் குறைவு என்பதால் பயிற்சி மாணவருக்கும் பெரிய வேலை சீக்கிரம் வந்துவிடும், ஆனால் திருத்திச் சொல்லித்தர ஆள் இருக்காமல் போகலாம்.

நேர்காணலில் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். நான் எழுதுவதை யார் திருத்துவார்? வாரத்துக்கு எத்தனை முறை உட்கார்ந்து பேசுவோம்? எழுத்து வேலை எவ்வளவு இருக்கும்? வெளியான வேலைகளை மாதிரியாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டா? உதவித்தொகை, வேலை நேரம் ஆகியவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்குத் தெளிவான பெயர் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தைப் பற்றி ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது. திருத்துபவர் இல்லாத இடத்தில் எவ்வளவு எழுதினாலும் எழுத்து வளராது.

சேர்வதற்கு முந்தைய வாரத்தில் ஒரு பயிற்சி. அந்த நிறுவனம் வெளியிட்ட ஐந்து செய்திக்குறிப்புகளை எடுங்கள். அவற்றை வைத்து வெளியான செய்திகளைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். எந்த வரியை நிருபர் அப்படியே எடுத்தார், எதை வெட்டினார், எந்தத் தகவலை வேறு இடத்திலிருந்து சேர்த்தார் என்று கோடிட்டுப் பாருங்கள். எதைச் செய்தி என்று பத்திரிகைகள் எடுத்துக்கொள்கின்றன என்பது பாடப்புத்தகத்தைவிட இதில் வேகமாகப் புரியும்.

முதல் வாரம்: கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒப்புதல் வரிசைதான் முதலில். ஒரு குறிப்பு வெளியே போகும் முன் யார் யார் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பொதுவாகக் கணக்கு மேலாளர் (ஏஜென்சியில் அந்தக் கிளையண்டின் வேலைக்குப் பொறுப்பானவர்), கிளையண்டின் தொடர்பாளர், மேற்கோளில் பேசுபவர், தேவைப்பட்டால் சட்டப் பிரிவு என்று போகும். சட்டப் பிரிவு பார்த்த பிறகு யாராவது ஒரு எண்ணை மாற்றினால் கோப்பு மறுபடியும் அவர்களிடமே போக வேண்டும். பிழைகள் அதிகம் நுழைவது இந்த இடத்தில்தான். கோப்புக்கு ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்றெல்லாம் பெயர் வைக்காமல் தேதியும் பதிப்பு எண்ணும் போட்டுச் சேமியுங்கள்.

அடுத்து, ஊடகத்திடம் பேசும் அதிகாரம் யாருக்கு என்பது. பயிற்சி மாணவருக்குக் கிடையாது. நிருபர் அழைத்தால் அவருடைய பெயர், ஊடகம், கேள்வி, பதில் தேவைப்படும் நேரம், திரும்ப அழைக்க வேண்டிய எண் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்குள் பொறுப்பாளரிடம் சேர்த்துவிடுங்கள். ‘எனக்குத் தெரிந்தவரை...’ என்று தொடங்கும் எந்தப் பதிலும் மறுநாள் அச்சில் வரக்கூடும். பேசி முடித்த பிறகு ‘இதைப் போடாதீர்கள்’ என்று சொல்வது செல்லாது. வெளியிடக் கூடாத தகவல் என்றால் பேசும் முன்பே இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஏஜென்சி என்றால் நேரக் கணக்கும் உண்டு. பல இடங்களில் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, கிளையண்ட் வாரியாக எழுதச் சொல்வார்கள். அன்றன்றே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஞாபகத்திலிருந்து எழுதிய கணக்கு தப்பாகவே இருக்கும், அது கிளையண்டின் பில்லில் போய் நிற்கும்.

செய்திக் கண்காணிப்பும் கிளிப்பிங்கும்

தினமும் காலையில் நிறுவனம், போட்டியாளர்கள், துறை ஆகிய மூன்றையும் பற்றி வந்த செய்திகளைத் திரட்டி ஒரு அறிக்கை அனுப்புவதுதான் வேலை. மேலாளர்கள் அன்றைய முதல் கூட்டத்துக்குப் போகும் முன் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

1. தேடுசொற்களை எழுதுங்கள். நிறுவனத்தின் முழுப்பெயர், சுருக்கப்பெயர், தயாரிப்புகளின் பெயர், தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களின் பெயர், மக்கள் வழக்கமாகத் தப்பாக எழுதும் வடிவங்கள், எல்லாம் பட்டியலில் வர வேண்டும். தமிழ்ச் செய்திகளில் தேடும்போது வேற்றுமை உருபு ஒட்டிய வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் ‘-இன்’, ‘-உக்கு’, ‘-ஆல்’ ஒட்டிய செய்திகள் விடுபடலாம். பிறமொழிப் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு விதமாக எழுதும் என்பதையும் மறக்க வேண்டாம்.

2. வேண்டாதவற்றை விலக்குங்கள். நிறுவனத்தின் பெயர் பொதுச்சொல்லாக இருந்தால் குப்பை நிறைய வரும். விலக்குச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நல்ல செய்தி எதுவும் அடிபட்டுப் போகவில்லையா என்று பாருங்கள்.

3. ஒவ்வொரு செய்திக்கும் ஒரே மாதிரி விவரம் எழுதுங்கள்: தேதி, ஊடகம், பக்கம் அல்லது இணைப்பு, தலைப்பு, நிருபர் பெயர், இரண்டு வரிச் சுருக்கம், தொனி (நிறுவனத்துக்குச் சாதகமா, எதிர்மறையா), நாம் ஏதாவது செய்ய வேண்டுமா என்பது. கடைசி விவரத்தைத்தான் மேலாளர் முதலில் தேடுவார். அதை நிரப்பத் தெரிந்துவிட்டால் நீங்கள் வெறும் தொகுப்பாளர் இல்லை.

4. செய்தி முகமையின் ஒரே செய்தி பன்னிரண்டு தளங்களில் வந்திருந்தால் ‘ஒரு செய்தி, பன்னிரண்டு வெளியீடு’ என்று எழுதுங்கள். பன்னிரண்டு செய்தி என்று எழுதினால் மாத அறிக்கை பொய்யாகிவிடும்.

தொனியைக் குறிப்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சோகமான செய்தி எல்லாம் எதிர்மறைச் செய்தி ஆகாது. ஒரு விபத்துச் செய்தியில் உங்கள் கிளையண்ட் மீட்புக்கு உதவியதாக வந்தால் அது அவருக்குச் சாதகம்தான். ‘இதைப் படித்தவருக்கு இந்த நிறுவனத்தின் மேல் என்ன எண்ணம் வரும்?’ என்ற ஒரே கேள்வியை வைத்து முடிவு செய்யுங்கள். உங்கள் கணிப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. முப்பது செய்திகளை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியே குறியுங்கள். எங்கெல்லாம் வேறுபடுகிறீர்களோ அங்கே உட்கார்ந்து பேசி ஒரு விதியை எழுதிவையுங்கள். அடுத்து வரும் பயிற்சி மாணவருக்கும் அந்த விதித்தாள் உதவும்.

இதை ஆறு வாரம் செய்தவருக்கு எந்த நிருபர் எதைப் பற்றி எழுதுகிறார், எந்தப் பத்திரிகை எண்களை விரும்புகிறது, எது மனிதர்களின் கதையை விரும்புகிறது என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். அடுத்த வேலைக்கு அதுதான் மூலதனம்.

மீடியா லிஸ்ட்

பெயர், ஊடகம், பீட் (அவர் வழக்கமாக எழுதும் துறை), மின்னஞ்சல், தொலைபேசி, பேச ஏற்ற நேரம், சமீபத்தில் எழுதிய மூன்று செய்திகள், கடைசியாக யார் எப்போது பேசினார்கள், அவர் என்ன சொன்னார் என்பவை நிருபர்களின் பட்டியலில் இருக்க வேண்டிய பத்திகள் (நெடுவரிசைகள்). கூடவே ‘சரிபார்த்த தேதி’ என்று ஒரு பத்தியும் வையுங்கள். நிருபர்கள் வேலை மாறிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மாதம் தொடாத பட்டியலில் பல பெயர்கள் பழையதாகி இருக்கும்.

சரிபார்ப்பது என்றால் மின்னஞ்சல் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. அவர் பெயரில் கடைசியாக வந்த செய்திகளைப் படியுங்கள். முன்பு சுகாதாரம் எழுதியவர் இப்போது விளையாட்டு எழுதலாம். அவருக்கு மருத்துவமனைச் செய்தியை அனுப்பினால் அன்றோடு உங்கள் மின்னஞ்சலைத் திறக்காமலே அழிக்கப் பழகிவிடுவார்.

பெயரை அவர் எழுதும் விதத்திலேயே எழுதுங்கள், முதலெழுத்து உட்பட. எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி மொத்தமாக அனுப்பிவிடுவது பயிற்சி மாணவர்கள் செய்யும் பிழைகளில் மிகவும் பழையது. அதைத் தவிர்க்க மறைநகலை (பிசிசி) நம்புவதைவிட ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புவதே சரி. தனிப்பட்ட கைபேசி எண்களை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகளைப் போலப் பல நாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது.

செய்திக்குறிப்பு எழுதுவது

1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்தைப் பற்றி ரயில் நிறுவனத்தின் சார்பில், மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ வெளியிட்ட அறிக்கையைத்தான் நவீன செய்திக்குறிப்பின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மறைக்காமல், வதந்தி பரவும் முன் உண்மையைக் கொடுப்பதே அதன் நோக்கம். வடிவம் எவ்வளவோ மாறிவிட்டாலும் நோக்கம் மாறவில்லை.

எழுத உட்காரும் முன் ஒரே வாக்கியத்தில் செய்தியைச் சொல்லிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டாலும் அந்த வாக்கியம் யாருக்காவது ஆர்வம் தருகிறதா? தரவில்லை என்றால் கையில் செய்தி இல்லை, அறிவிப்புதான் இருக்கிறது. மேலாளரிடம் போய் ‘இதில் வாசகருக்கு என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள். பயிற்சி மாணவர் கேட்டாலும் இது நல்ல கேள்விதான்.

தலைப்பு பத்துச் சொல்லுக்குள் அடங்கட்டும். முதல் பத்தியில் யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்பவை இருபத்தைந்து முப்பது சொற்களில் வந்துவிட வேண்டும். அடுத்த பத்தியில் ஆதாரமான எண் அல்லது விவரம். மூன்றாவதில் மேற்கோள். அதன்பின் பின்னணி. கடைசியில் நிறுவனத்தைப் பற்றிய நிரந்தரப் பத்தி ஐம்பது அறுபது சொற்களில், பிறகு தொடர்பு விவரம். மொத்தம் முந்நூறு சொற்கள் போதும். முக்கியமானது மேலே, வெட்டக்கூடியது கீழே. இடம் போதாத ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார்.

மேற்கோள்தான் எல்லாக் குறிப்புகளிலும் சவசவ என்று இருக்கும் பகுதி. ‘இந்தச் சாதனையில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்பதை எந்த நிருபரும் எடுக்க மாட்டார். மேற்கோளில் தகவலைத் திரும்பச் சொல்லாமல், அந்த மனிதர் மட்டுமே சொல்லக்கூடிய காரணத்தையோ கருத்தையோ வையுங்கள். முடிந்தால் அவரிடம் ஐந்து நிமிடம் பேசி அவர் சொன்ன சொற்களையே எடுங்கள். எழுதியதை அவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் வெளியே விடக் கூடாது.

அனுப்பும் முன் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு தகவலின் மேலும் பேனாவால் புள்ளி வைத்துச் சரிபாருங்கள். பெயர்களும் பதவிகளும் முதலில். பிறகு தேதியும் கிழமையும் நாட்காட்டியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணை ஒருமுறை அழைத்துப் பாருங்கள், இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். கூட்டல் கழித்தலை மறுபடி போடுங்கள். சதவீதத்தில் தனிக் கவனம் தேவை. 20 சதவீதம் 25 சதவீதமாக உயர்ந்தால் அது 5 சதவீதப் புள்ளி உயர்வு. விகிதமாகப் பார்த்தால் 25 சதவீத உயர்வு. ‘5 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதினால் தப்பு.

குறிப்பை மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டுங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் நிருபர் நகலெடுக்கச் சிரமப்படுவார், தமிழ் எழுத்துகள் உடைந்தும் வரலாம். திருத்தக் குறிப்புகள் தெரியும் வேர்டு கோப்பை அப்படியே அனுப்பிவிட்டால் உள்ளே நடந்த விவாதம் முழுக்க வெளியே போய்விடும். படம் அனுப்பினால் இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரும், எடுத்தவர் பெயரும் வேண்டும். அச்சுக்கு என்றால் அச்சாகும் அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவு வழக்கம்.

பிட்ச்: நிருபருக்கு எழுதும் மடல்

செய்திக்குறிப்பு எல்லோருக்கும் போகலாம், பிட்ச் ஒருவருக்குத்தான். நூற்றைம்பது சொல்லுக்குள், அவர் அண்மையில் எழுதிய செய்தியோடு இது எப்படிச் சேர்கிறது, ஏன் இப்போது, பேசுவதற்கு யார் கிடைப்பார், எந்தத் தேதிகளில் கிடைப்பார் என்று சொல்லிவிடுங்கள். பேட்டிக்கு ஆள் தருகிறோம் என்று எழுதும் முன் அந்த ஆளின் நேரத்தை உறுதி செய்திருக்க வேண்டும். நிருபர் உடனே சரி என்று சொல்லி, இங்கே அதிகாரி வெளியூரில் இருந்தால் அந்த உறவு அங்கேயே முறிந்துவிடும்.

பதில் வராவிட்டால் இரண்டு மூன்று நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதிலும் புதிதாக ஒரு தகவல் இருக்கட்டும். ‘என் மெயில் கிடைத்ததா?’ என்று கேட்க மட்டும் அழைக்காதீர்கள். பக்கம் முடிக்கும் நேரத்தில் எதற்காகவும் அழைக்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் நன்றி சொல்லி, காரணத்தைப் பட்டியலில் எழுதிவையுங்கள். சில மாதங்களில் அந்தக் காரணங்களே உங்களுக்கு நல்ல பாடத்திட்டமாகிவிடும்.

எம்பார்கோ என்று ஒன்று உண்டு: குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற உடன்பாடு. தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டு அனுப்பிவிட்டால் மட்டும் உடன்பாடு வந்துவிடாது. முதலில் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே தகவலை அனுப்ப வேண்டும். நேரத்தை எழுதும்போது எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுதுங்கள்.

நிகழ்ச்சிகளும் சமூக ஊடகமும்

பத்திரிகையாளர் சந்திப்புக்கு நிமிட வாரியாக ஒரு ஓட்டத்தாள் தயாரிப்பது பெரும்பாலும் உங்கள் வேலையாகத்தான் இருக்கும். நேரம், நடப்பது, பொறுப்பாளர், அவருடைய எண் ஆகிய நான்கு பத்திகள் போதும். ஒலிவாங்கி, மின்சாரப் பிளக், கேமரா நிற்கும் இடம், வருகைப் பதிவு மேசை ஆகியவற்றை ஒரு மணி நேரம் முன்பே பார்த்துவிடுங்கள். வராத நிருபர்களுக்குக் குறிப்பும் படமும் அன்றே போக வேண்டும்.

சமூக ஊடகத்தில் நடக்கும் பெரிய விபத்து, சொந்தக் கணக்கில் போட வேண்டியதை நிறுவனக் கணக்கில் போட்டுவிடுவது. இரண்டையும் ஒரே செயலியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நெருக்கடி வந்தால்

1982-ல் சிகாகோ பகுதியில் சயனைடு கலக்கப்பட்ட டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தார்கள். விஷத்தைக் கலந்தது நிறுவனம் இல்லை என்றாலும், டைலனாலின் உரிமையாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் ஏறக்குறைய 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது, மக்களை எச்சரித்தது, பிறகு திறந்தால் தெரிந்துவிடும் உறையோடு மருந்தைத் திரும்பக் கொண்டுவந்தது. நெருக்கடி மேலாண்மை வகுப்புகளில் இன்றும் இதைச் சொல்லக் காரணம், அறிக்கையின் மொழி இல்லை. செயல் முதலில் வந்தது, பேச்சு அதற்குப் பின்னால் வந்தது.

பயிற்சி மாணவரின் பங்கு சிறியதுதான், ஆனால் தேவையானது. திட்டமிட்டு வைத்திருக்கும் பதிவுகளை எல்லாம் உடனே நிறுத்தச் சொல்லிப் பொறுப்பாளருக்கு நினைவூட்டுங்கள். உயிரிழப்புச் செய்திக்குக் கீழே தள்ளுபடி விளம்பரம் வந்துவிட்டால் அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது. வரும் அழைப்புகள், வெளியான செய்திகள், அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். முதல் அறிக்கை எழுதும்போது கவனியுங்கள்: உறுதியாகத் தெரிந்தது என்ன, இப்போது என்ன செய்கிறோம், அடுத்த தகவல் எப்போது வரும் என்ற மூன்றும் மட்டுமே அதில் இருக்கும். பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால் அவர்களைப் பற்றிய வரிதான் முதல் வரி. காரணத்தை ஊகிக்கும் சொல் ஒன்றுகூட இருக்காது.

அளவிடுதல்

செய்தி வந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதைக் கணக்கிட்டு ‘இவ்வளவு பணம் மதிப்பு’ என்று அறிக்கை எழுதும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2010-ல் பார்சிலோனாவில் தொடர்பு அளவீட்டு வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள், அந்தத் தொகை மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. திட்டித் தீர்த்த அரைப் பக்கச் செய்திக்கும் அந்தக் கணக்கு அதே தொகையைத்தான் காட்டும்.

உங்களிடம் அப்படி ஒரு பத்தி கேட்டால் நிரப்பிக் கொடுங்கள், பக்கத்தில் வேறு மூன்றையும் சேருங்கள். நாம் வெளியிட்டது எத்தனை, மக்கள் அதில் எதைக் கவனித்து நினைவில் வைத்தார்கள், அதனால் என்ன செய்தார்கள் என்பவை அவை. ரத்ததான முகாமுக்காகப் பதினான்கு செய்திகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்தவர்களிடம் ‘எங்கே கேள்விப்பட்டீர்கள்?’ என்ற ஒற்றைக் கேள்வியைப் படிவத்தில் சேர்த்திருந்தால்தான் அந்தப் பதினான்கும் வேலை செய்ததா என்று சொல்ல முடியும். அந்தக் கேள்வியை முகாம் முடிந்த பிறகு சேர்க்க முடியாது என்பதால், அளவீட்டைத் திட்டத்தின் முதல் நாளிலேயே பேசுங்கள்.

செய்யக் கூடாதவை

போலிப் பெயரில் விமர்சனம் எழுதச் சொன்னாலோ, பணம் கொடுத்த பதிவைச் சாதாரணச் செய்தி போலக் காட்டச் சொன்னாலோ மறுத்துவிடுங்கள். சொன்னவர் யார் என்றாலும், பல நாடுகளில் அது சட்ட மீறல். பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனத்தின் வெளிவராத முடிவுகளை நண்பரிடம் சொல்வதும், அதை வைத்துப் பங்கு வாங்குவதும் குற்றம். வெளிவராத குறிப்பைப் பொது ஏஐ கருவியில் ஒட்டித் திருத்தச் சொல்வதும் ரகசியத்தை வெளியே கொடுப்பதுதான். எந்தக் கருவிக்கு அனுமதி உண்டு என்று முதல் வாரமே கேளுங்கள். அந்தக் கருவி தரும் எண்ணையும் மேற்கோளையும் மூலத்தைப் பார்க்காமல் ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கடைசி இரண்டு வாரம்

வாரா வாரம் வெள்ளிக்கிழமை பதினைந்து நிமிடம் ஒதுக்கி, செய்த வேலை, வந்த திருத்தம், விளைவு என்று மூன்று வரி எழுதி வந்திருந்தால் இப்போது வேலை எளிது. அதிலிருந்து ஐந்தாறு மாதிரிகளை எடுங்கள். செய்திக்குறிப்பு ஒன்று, நிருபர் ஏற்றுக்கொண்ட பிட்ச் ஒன்று, கண்காணிப்பு அறிக்கை ஒன்று, நிகழ்ச்சி ஓட்டத்தாள் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் எந்தப் பகுதி உங்களுடையது என்று நேர்மையாக எழுதுங்கள். ‘முதல் வரைவு என்னுடையது, இரண்டு முறை திருத்தப்பட்டது’ என்ற வரி, எல்லாம் நானே செய்தேன் என்பதைவிட நம்பிக்கை தரும். முதல் வரைவையும் வெளியான வடிவத்தையும் அருகருகே வைத்தால் இன்னும் நல்லது. வெளியாகாத எதையும் வெளியே எடுத்துப் போகாதீர்கள், வெளியானதற்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாள் மாலையில் கேட்காமல் பத்து நாள் முன்பே கேளுங்கள். மேலாளருக்கு எழுத நேரம் குறைவாக இருக்கும் என்பதால் உங்கள் வெள்ளிக்கிழமைக் குறிப்புகளிலிருந்து ஐந்து வரிகளை எடுத்துக் கோரிக்கையோடு இணைத்துக் கொடுங்கள். மீடியா லிஸ்ட்டைச் சரிபார்த்த தேதிகளோடும், தேடுசொல் பட்டியலையும் தொனி விதித்தாளையும் புதுப்பித்தும் அடுத்து வருபவர் எடுக்கும்படி ஒரே கோப்புறையில் வைத்துவிட்டு, நிறுவனக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.